அம்மாவின் பேரைக் கூப்பிட்ட நாள்

ஈப்போ பட்டணத்தைச் சுற்றிக்காட்ட அப்பா எங்களை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப் போனார். எனக்கு ஏழு வயது. செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பினோம். நாங்கள் கேட்காமலே கங்காணி லீவு கொடுத்திருந்தார். மனுசன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பரும் ஈயமும் விலை படுத்துக் கிடந்த காலம். ஆளில்லாத ஈயச் சுரங்கம், துருப்பிடித்த பம்பு, தண்ணீர் தேங்கிய பள்ளம், பூட்டிய கடைகள். பார்க்க இருந்ததே அவ்வளவுதான். அப்பாவோ எல்லாம் தானே கட்டியது மாதிரி கைநீட்டிக் காட்டினார். அம்மா ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து இருமினாள். இவளால் பாதி ஊர் பார்க்காமல் போகிறதே என்று எனக்கு ஒரே எரிச்சல். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் எரிச்சல்தான்.

தோட்டத்தில் விடிவதற்குமுன் பெரட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பேரைக் கூப்பிட்டால் வேலை உண்டு, இல்லையென்றால் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இருமல் வந்ததிலிருந்து அம்மாவின் பேரைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் தினம் போய் நின்றுவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கு அது பெரிய அவமானம்.

கடைசியாக ரயில் நிலையம். அங்கே கால் வீங்கியவர்களும் கண் தெரியாதவர்களும் வரிசையாக நின்றார்கள். அப்பா அம்மாவையும் அதில் நிறுத்தினார். கோட்டுப் போட்ட ஒருவர் தாளைப் பார்த்து முதலில் கூப்பிட்டதே அம்மாவின் பேரைத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, அம்மாவுக்குப் பேரு போட்டுட்டாங்க" என்று குதித்தேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பேரையும் கூப்பிடச் சொல்லுங்கள் என்று அடம்பிடித்தேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "ஒம் பேரு இதுல வரவே கூடாதுடி."

தனக்கு வேலை கிடைத்ததும் இவளுக்கு இவ்வளவு கர்வமா என்று கோபம் வந்தது. அம்மா ஏறிய ரயில் நகர்ந்தபோது திரும்பி நின்றுகொண்டேன். அப்பா தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தும் அசையவில்லை.

லயத்தில் வீடுவீடாகப் போய், அம்மாவுக்கு ரயிலில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெருமையடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

வேலைக்கு ஆகாதவர்களைப் பினாங்கில் கப்பலேற்றிக் கடல்தாண்டிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பும் பட்டியல் அது என்றும், உடம்பு திடமாயிருந்த அப்பாவுக்கு அதில் இடமில்லை என்றும் எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. அம்மா ஊர் போய்ச் சேரவில்லை, கப்பலிலேயே கண்ணை மூடிவிட்டாள். ரயில் ஜன்னலிலிருந்து அவள் கடைசியாகப் பார்த்தது என் முதுகை.