நேசபாய் வீட்டுக் கப்பல்காரர்

நேசபாய்க்கு நாற்பது வயதில்தான் ஒரு அப்பா கிடைத்தார். அதுவரை மிஷன் அனாதை விடுதியில் வைத்த பெயர்தான் அவளுடைய பிறந்த வீட்டுச் சொத்து. கணவனும் போய்ச் சேர்ந்திருந்தான். குலசேகரம் பக்கம் அவள் பால்வெட்டுக்குப் போகும் ரப்பர் எஸ்டேட்டில் பழைய பங்களாவை இடித்தபோது, குப்பையோடு கிடந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி. நீலக் கோட்டு, பொன் பித்தான், கிளிமூக்கு, பின்னால் பாய்மரக் கப்பல்.

எங்கள் ஊரில் எல்லார் வீட்டு ஹாலிலும் இறந்த பெரியவர்கள் வரிசையாகத் தொங்குவார்கள். அந்த இடத்தில் இவள் துரையை மாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி நான் சும்மா விடுவேனா? "துரைமகளே, சாயா உண்டா?" என்றுதான் நுழைவேன். கோபிக்கமாட்டாள். வேலை முடிந்த மத்தியானங்களில் படத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். ஜன்னல் வெயில் ஆட, கப்பலும் ஆடும்.

"அப்பா இப்பம் நடுக்கடல்ல போறாரு" என்பாள் பாதித் தூக்கத்தில். கேலி செய்ய வந்த நானும் பக்கத்தில் படுத்துவிடுவேன். வெளியே ரப்பர் இலைகள் இரையும். அலை என்றே தோன்றும்.

அவள் மகள் ஜாஸ்மியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். அனாதை விடுதிப் பிள்ளை பெற்ற பெண் என்று ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா முத்துநாயகமோ கப்பலில் வேலை பார்த்தவர்; அந்தக் கோட்டு எந்தக் காலத்துக் கோட்டு என்றுகூடச் சொல்லிவிடுவார்.

"ஏட்டி, அந்தப் படத்த எறக்கி வை. ஜாஸ்மிக்க கல்யாணம் மொடங்கிப் போவும்."

"எறக்குனா நான் பின்னயும் அனாதையில்லா மக்கா."

வந்த அன்று முத்துநாயகம் உட்காரும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டார். "இது ஆராக்கும்?"

நேசபாய் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். ஜாஸ்மி தலையைக் குனிந்துகொண்டாள். முத்துநாயகம் படத்தருகே போனார். அந்தக் கோட்டையும் கப்பலையும் பார்த்தார். பிறகு நேசபாயின் கறுத்த, சப்பைமூக்கு முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"மூக்கு அப்பிடியே அப்பாக்க மூக்காக்கும்" என்றார். "வாருங்க, ஜெபம் பண்ணி நாள் குறிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஜெபம் முடியும்வரை நேசபாய் ஒற்றை விரலால் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.