மாற்றி அடித்த தகடு

பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தோடு சரி; மற்றவர்களுக்கு அவர் ரிவெட்டுக்காரர். விமானப்படைப் பட்டறையில் முப்பது வருடம் இறக்கைத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி அடித்ததில் ஒரு காது போயிற்று. "நல்லதாப் போச்சு, நான் திட்டுறது பாதிதான் கேக்கும்" என்பாள் மனைவி. "எனக்கு அந்தப் பாதியே ஜாஸ்தி" என்பார் இவர்.

அவர் கைபட்ட போர் விமானங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. பறந்தது போதும் என்று படை கழித்துக் கட்டியதும், தொழிற்பயிற்சிக் கல்லூரி ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தியது. காக்கை கூடு கட்டியது. பிறகு ஒரு பஸ் முதலாளி ஏலத்தில் எடுத்துத் தன் ஹோட்டல் மாடியில் ஏற்றினார். ஆளாளுக்கு ஒரு பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அருங்காட்சியகத்தின் தலையில் கட்டினார்கள். சீரமைக்க ரிவெட்டுக்காரருக்கு அழைப்பு வந்தது. எழுபது வயதில் மனிதர் டிபன் பாக்ஸோடு மறுபடி வேலைக்குக் கிளம்பினார்.

மூன்று வருட வேலை. ஏழு அடுக்குப் பெயிண்டைச் சுரண்டிப் பழைய வெள்ளித் தகடு தெரிந்த அன்று அழுதேவிட்டார். அந்தக் காலத்துக் கொட்டகையும் எண்ணெய் வாசனையும் கூட்டாளிகளின் கெட்ட வார்த்தைகளும் திரும்பி வந்தன. அப்படி ஒரு சந்தோஷ காலம் அவருக்கு வேறு இருந்ததில்லை.

ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. அன்று படை கழித்த விமானங்கள் இரண்டு. ஒன்று கல்லூரிக்கு, மற்றது உடைப்புக்கு. போரில் பேர் வாங்கிய ஒரு பைலட் ஓட்டியதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முந்தின வருடம்தான் அந்தப் பைலட் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். கடைசிப் பெயிண்டுக்காக இரண்டின் எண் தகடுகளையும் கழற்றியவர் இவர். திரும்ப அடித்தபோது தவறுதலாக மாற்றி அடித்தவரும் இவரே. உடைப்புக்குப் போனதை வெட்டுகையில், பைலட் அறைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இறக்கை இரண்டும் போய்விட்டன. சொன்னால் வேலை போகும். வாயைப் பூட்டிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? இப்போதும் சீரமைப்புக் காகிதங்களில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் விமான எண் இருந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பைலட்டின் மகள் வந்தாள். ஐம்பது வயதுக்காரி. அப்பா இறந்தபோது ஒரு வயதுகூட ஆகவில்லையாம். ஏணியில் ஏறி இருக்கையில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அப்பா மடியில உக்காந்த மாதிரி இருக்கு ஐயா."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "இது உங்கப்பாவோடது இல்லம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "அவரோட பிளேனை என் கையாலேயே வெட்டினேன். என்னை என்ன வேணா திட்டும்மா."

அவள் இறங்கி வந்தாள். "அது அப்பாவோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சுவிட்ச் பலகைக்குக் கீழ பென்சில்ல எழுதியிருந்தார். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். எல்லாம் பறந்த தேதியும் நேரமும். கடைசி வரி மட்டும் வேற."

"என்ன?"

"'கடுகுக்கு இன்னிக்குப் பல் முளைச்சிருக்கு.'"

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாராம். அம்மா சொல்லியிருக்கா."

ரிவெட்டுக்காரர் மறுபக்கம் ஏணியை அழுத்திப் பிடித்தார்.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்றாள்.