மணியடித்த மஜீது

தண்டையார்பேட்டை மஜீது முப்பது வருஷமாகக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பது மரியாதைக்கு. துறைமுக வரிசையில் "அஞ்சே நிமிஷம்பா" என்பார்கள். அஞ்சு மணி நேரமாகும். வண்டி நின்றால் தூங்குவது, பின்னால் ஹார்ன் கேட்டால் பத்தடி நகர்வது, இதுதான் அவர் பிழைப்பு.

ஞாயிறன்று கானா கச்சேரியில் டோலக் அடிப்பார். அங்கே தூக்கத்துக்கு வழியில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர் சாவகாசமாக டீ குடிக்க, சத்தம் அறுந்துபோகாமல் இவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தாளம் பிசகாத மனுஷன் என்று நம்பி, ராயபுரம் குத்துச்சண்டைப் போட்டியில் மணியடிக்க அவரை உட்காரவைத்தார்கள். முதல் ரவுண்டு முடிய மணியடித்தார். ஒரு நிமிஷம் ஓய்வு. எல்லாம் நின்றதா, பழக்கதோஷத்தில் மஜீதும் கண்ணை மூடிவிட்டார்.

நிமிஷங்கள் போயின. நடுவர் கத்தினார், கூட்டம் விசிலடித்தது. துறைமுகத்தில் தூங்கிய காதுக்கு அதெல்லாம் தாலாட்டு. கடைசியில் தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. மஜீது பதறி எழுந்து கியரைப் பிடித்து இழுத்தார். கியர் அல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்த சிறப்பு விருந்தினரின் முழங்கால்.

முதல் ரவுண்டிலேயே மூக்குடைந்து மூலையில் கிடந்த தீனா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாய், அடுத்த ரவுண்டுக்கு அப்பாலயும் கொஞ்சம் தூங்கு பாய்!"