சோற்றுப் பொட்டலமும் கல்லூரி இடமும்

"குறித்த நேரத்துக்குப் பின் வருவோர் நேர்முகத் தேர்வில் சேர்க்கப்படமாட்டார்கள்." ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எனக்கு அனுப்பிய அழைப்பில் இருந்த விதி இது. இதன்படி நான் ஆசிரியராகியிருக்கவே கூடாது.

கல்லூரியில் இடம் கிடைக்க எது முக்கியம் என்று நம் சபை வாலிபர்கள் என்னைக் கேட்கிறார்கள். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் சேர வரும் பிறரின் விண்ணப்பங்களைத் தள்ளியும் ஏற்றும் பிழைத்தவன் நான். விதிமுறைகளை ஒப்பிப்பேன். ஆனால் எனக்கு இடம் கிடைத்த கதையைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து பிரிட்டிஷாரோடு போரிட்ட நாட்கள். கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று, ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. அந்த உத்தரவை லயத்தாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவனே நான்தான். ஆங்கிலம் படித்த பெருமை.

நேர்முகத் தேர்வன்று விடியற்காலை என் அக்கா எஸ்தர், "கோலாலம்பூர் வரைக்கும் வெறும் வயித்தோடயா போவ?" என்று ஒரு சோற்றுப் பொட்டலத்தை என் பைக்குள் வைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சான்றிதழ்ப் பையை யார் கிளறப் போகிறார்கள் என்ற எண்ணம்.

கேட்டில் போலீஸ்காரர்கள் கிளறினார்கள்.

பால்மரம் வெட்டப் போகும் வரிசையில் எனக்குப் பின்னால் அக்கா நின்றாள். "என் சோறுங்க. அவனுக்குத் தெரியாம நான்தான் வச்சேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பஸ் வந்துருச்சு, போடா" என்றாள்.

போனேன். அவளை லோரியில் ஏற்றியதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வழியெல்லாம் ஜெபித்தேன். "கர்த்தாவே, எனக்கு அந்த இடத்தைத் தாரும்." கோலாலம்பூர் போய்ச் சேரும் வரை அக்காவின் பெயர் என் ஜெபத்தில் வரவே இல்லை.

இரண்டு சாலைத் தடைகளில் நின்று, வெகு தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். விதியை எழுதியவர்களும் ஏதோ ஒரு தடையில் மாட்டி அப்போதுதான் வந்திருந்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்று பூரித்துப் போனேன்.

மூவர் உட்கார்ந்திருந்தார்கள். தாமதம் ஏன் என்று நடுவிலிருந்த வெள்ளைக்காரத் துரை கேட்டார். கேட்டில் நடந்ததைச் சொன்னேன். இரக்கம் கிடைக்கும் என்ற கணக்கு. ஓரத்திலிருந்த தமிழர் மட்டும் தமிழில் கேட்டார்: "அக்கா அங்க உள்ள இருக்கு. நீங்க இங்க என்ன செய்றீங்க, தம்பி?"

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "போகணுங்க" என்றேன். அன்பினால் எழுந்தேனா, அவமானத்தினாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் என் ஜெபம் மாறியது. "இடம் வேண்டாம் ஆண்டவரே. அக்காவை விட்டுவிடச் செய்யும்."

போலீஸ் நிலையத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். "சோறு என்னுடையது. தெரிந்தேதான் கொண்டுபோனேன்" என்று தமிழ் சார்ஜண்டிடம் சொன்னேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையிலேருந்து இது என்னோடதுங்குது. இப்ப நீ வந்து உன்னோடதுங்கற. ஒரு பொட்டலத்துக்கு எத்தன பேருலா?" என்று திட்டினார். உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசினார். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் அதற்குச் சிறைத் தண்டனையே உண்டு. அதை ஜெபத்தின் பதில் என்று நான் சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வழியில் அக்கா கேட்டாள்: "இன்டர்வியூல என்னடா கேட்டாங்க?"

"உன்னப் பத்திதான்."

அவள் நின்றுவிட்டாள். "ஐயோ, நான் படிக்கலன்னு சொல்லிட்டியா?"

அவள் பள்ளியை விட்டதே என்னைப் படிக்க வைக்கத்தான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பிள்ளைகளே, மதிப்பெண் வேண்டும், நற்சான்று வேண்டும், நேரத்துக்குப் போகவும் வேண்டும். ஆனால் முதலில் யாருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கடைசியில் கேளுங்கள். அவர் மறக்கமாட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த இடத்தை எனக்கே தந்திருப்பதாகக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது, ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.