அலுமாரிக் கதவில் அறுபது கிரெடிட்

நாவலப்பிட்டியில் சட்டை தைக்கும் சுந்தரி எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தங்கை சந்திரிகா படிக்கும் இரசாயன, மூலப்பொருள் பொறியியல் முதுமாணிப் பட்டத்தின் அமைப்பு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு வருடம், அறுபது கிரெடிட். முதல் வருடம் கட்டாயப் பாடம் ஆறு, விருப்பப் பாடம் நான்கு; அது முப்பது. இரண்டாம் வருடம் முழுக்க ஆராய்ச்சி; அது முப்பது. பாதியில் நின்றால் கையில் வெறும் டிப்ளோமா. இதெல்லாம் அச்சடித்த தாளை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். பாடம் தொடங்கினால் பென்சில் அடையாளம், தேறினால் பேனை அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரிகாவைப் பெண் பார்க்கக் குண்டசாலையிலிருந்து பேச்சியம்மா மகன் ராஜரத்தினத்தோடு வந்திறங்கினார். சுந்தரி காலையில் இரண்டு தரம் துடைத்த கதிரையைக் கைலேஞ்சியால் இன்னொரு தரம் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பரீட்சையெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? மிச்சம் ஒரு புத்தகம் எழுதுறதுதானே. கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டு மேசையில உக்காந்து எழுதட்டும். வர்ற பதினாலாந் தேதி நிச்சயத்த வச்சுக்குவோம்."

"அதுலதாம்மா பாதி கிரெடிட் இருக்கு," என்றாள் சுந்தரி.

"கல்யாணக் கார்டுல மாஸ்டர்ஸ்னு போட்டா யாரு வந்து எண்ணப் போறாங்க?"

ராஜரத்தினம் சிரித்தான். "நானும் மாஸ்டர்ஸ்தான்க்கா. பன்னெண்டு சனிக்கிழம. ஆராய்ச்சி கீராய்ச்சின்னு ஒண்ணும் கேக்கல."

"எத்தன பாடம் தம்பி?"

அவன் தாயைப் பார்த்தான். "ஏழோ... எட்டோ."

சட்டை தைத்தேன் என்பவனுக்குப் பித்தான் எத்தனை என்று தெரியாத கதை. சுந்தரிக்கு உதடு கோணியது. சந்திரிகா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அவள் ஒரு தரம் தலையாட்டினால் போதும், படிப்பு பாதியில் நின்றுவிடும்.

சுந்தரி எழுந்து அலுமாரியைத் திறந்தாள். பத்துப் பேனை அடையாளங்கள். அடியில் ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய வெறுங்கட்டம்.

"இதுக்கு உங்க மேச போதாதும்மா. ஆராய்ச்சிக்குக் கல்லத் தொள்ளாயிரம் டிகிரியில சுடணும். உங்க அடுப்பு தாங்குமா?"

"கல்லு சுடுறதுக்கா இம்புட்டுப் படிப்பு!" பேச்சியம்மா தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. பதினாலு சரிதானே?"

சந்திரிகா தட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குத்தான் லேப்ல உலை எனக்குக் குடுத்திருக்காங்க. திகனயில வெட்டுன கல்லு மூணு வக சுடணும். விட்டா ரெண்டு மாசம் காத்திருக்கணும்."

"அப்ப நிச்சயம்?"

"நான் உலைக்குப் போறேன்."

வந்தவர்கள் தேநீரைத் தொடாமலே போனார்கள். சுந்தரி பென்சிலைக் கூராகச் சீவி, வெறுங்கட்டத்தின் மூலையில் பதினாலு என்று எழுதினாள். பேனைக்கு இன்னும் நாளிருக்கிறது. பிறகு ஈரத்துணியை எடுத்து, கைலேஞ்சி பட்ட கதிரையை நன்றாகத் துடைத்தாள்.