காபிக்குத் தூக்கிய கை

ஓவர்சியர் வரதாச்சாரி காலமான செய்தி எனக்குக் காந்தி மார்க்கெட்டில், கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. சொன்னவர் எங்கள் ஊர் வியாபாரி மருதமுத்து. "ஸ்ரீரங்கத்துல, காலையில, நெஞ்சுவலியாம். நல்ல மனுசன், பாவம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இனிமே நம்ம ஊருக்குப் பயமில்லீங்க" என்றார். முகத்தில் துக்கத்தைவிட நிம்மதி கொஞ்சம் தூக்கலாகவே தெரிந்தது.

ஓவர்சியரை அறிந்த உங்களுக்கு அந்த நிம்மதியின் காரணம் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டூர் தாண்டி உள்ளே ஒதுங்கிய எங்கள் சிற்றூரில் ரோடுகளுக்கும் ஜாதி உண்டு. தார் ரோடு பிரசிடெண்ட் வீட்டு வாசலோடு நின்றுவிடும். அரிசி மில் வரை கப்பிக்கல். பள்ளிக்கூடத்துக்குக் கிராவல். காவேரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் ரோடு மட்டும் எந்த வகுப்பிலும் இல்லை. அதில் மண்வெட்டி பட்டால் ஒரு மாதத்துக்குள் ஊரில் ஒரு தலை சாயும் என்பது நம்பிக்கை. ஒருமுறை பள்ளம் தூர்த்தார்கள், மணியக்காரர் போனார். இன்னொருமுறை கிராவல் கொட்டினார்கள். கொட்டச் சொன்னவரே போனார். அதன்பின் அந்த ரோடு தன் இஷ்டத்துக்குக் கிடந்தது.

போன ஐப்பசி மழையில் தபால்காரர் சாமிக்கண்ணுவின் தாயாரைச் சுமந்து போனவர்கள் அங்கே சேற்றில் சறுக்கினார்கள். பாடை வாய்க்காலில் விழுந்தது. முன்னால் தோள் கொடுத்தவருக்கு இடுப்பு முறிந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. மதகைப் பார்க்க வந்திருந்த ஓவர்சியர் குடையைப் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கினார். பெரிய ஆசாரசீலர், அன்று தீட்டு எதுவும் பார்க்கவில்லை. கரையேறி என்னிடம், "ரோட்டுக்கு எமன் தண்ணிதான் ஓய். மத்த எமனெல்லாம் நீங்க இட்டுக்கட்டினது" என்றார்.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில், அந்த ரோட்டுக்குக் கிராவல் போட்டு, வருஷா வருஷம் பராமரிக்கும் வகுப்பில் சேர்க்க மெம்பர் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்று நின்றார். எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். நானும் மெம்பர்தான், எதிர்த்து நின்றவருக்கு அம்மை போட்டதால் ஜெயித்த மக்கள் தலைவன். வாசலில் காபி கிளப் ஆள் தூக்குப் பாத்திரத்தோடு போனார். கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். "மெம்பர் முன்மொழியறார். எழுதிக்கோங்கோ" என்றார் ஓவர்சியர். கையை இறக்குவதற்குள் குமாஸ்தா எழுதிவிட்டார். எதிர்க்கவும் யாருக்கும் துணிவில்லை. எதிர்த்தவனைத்தான் ரோடு முதலில் குறித்துக்கொள்ளும் என்று ஒரு கிளைப்பயம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "காபிக்குத்தானே ஸ்வாமி தூக்கினேன்" என்று முறையிட்டேன்.

"தெரியும் ஓய். உம்ம ஊர்ல வேற எதுக்குக் கை எழும்பறது?"

தை மாதம் ரோடு முடிந்தது. திறந்துவைக்க ஆள் இல்லை. கக்கூஸுக்குக்கூட ரிப்பன் வெட்டும் பிரசிடெண்டுக்கு அன்று பார்த்து வயிற்றுப்போக்கு. ஊர் தெருமுனையோடு நின்றுகொண்டது. ஓவர்சியர் குடை நுனியால் கிராவலைத் தட்டிப் பார்த்துவிட்டு முதல் ஆளாக நடந்தார். "நான் ஸ்ரீரங்கம். எமனுக்கும் லிமிட் உண்டு ஓய், பயப்படாம வாரும்." இரண்டாவதாக நான் போனேன். வீரம் காரணமில்லை, என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் நிறையுமுன் அவர் போய்விட்டார். மருதமுத்துவின் கணக்கில் ரோடு தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

பிரசிடெண்ட் அப்படி நினைக்கவில்லை. துக்கம் விசாரித்துத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓவர்சியர் வெளியூருங்க. அது கணக்குல சேராது. ரோடு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன்மொழிஞ்சது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த ரோட்டைப் பராமரிப்பிலிருந்து நீக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. நீக்கிவிட்டால் ஐப்பசி மழைக்குக் கிராவல் நிற்காது. வாய்க்கால் அங்கேயேதான் இருக்கிறது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் வந்ததிலிருந்து லேசாக இருமல் வேறு. ஓவர்சியரின் குடையை அவர் பிள்ளை வைத்துக்கொண்டார். எனக்கு அவர் விட்டுப்போனது, அன்று இறக்கவிடாமல் பிடித்துக்கொண்ட இந்தக் கைதான். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து இதை நானே தூக்குவேன், காபி வந்தாலும் வராவிட்டாலும்.