சித்தப்பாவின் கண்ணாடிப்பூச்சு

கேரளம் என்ற புதுப்பெயரை எங்கள் பக்கத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் சித்தப்பாவுக்குக் கண்ணாடிப்பூச்சுப் பைத்தியம் பிடித்தது. எல்லையோரத்தில் இருக்கிற எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் கடலையும் பருத்தியும் விளைந்த காடு எங்களுக்கு இருந்தது. அப்பா காட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் தம்பியான சித்தப்பா காட்டைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் செங்கல்லை அடுக்கிச் சூளை கட்டினார். சாதாரண மண்பாண்டத்தைப் பீங்கான் போல மினுங்க வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பாண்டத்தைக் குயவர் வீட்டில் வாங்கிவிடுவார். மேலே பூசிச் சுடுவது மட்டும் அவர் பாடு. கோயமுத்தூரில் யாரிடமோ இருந்த புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதி வந்திருந்தார். வெள்ளை மணலை மாவாக அரைத்து, களிமண்ணையும் இரும்புக் கதவுக்கு அடிக்கிற சிவப்பு ஈயப்பொடியையும் கலந்தால் பூச்சு தயார்.

முதல் சூளையைத் திறந்தபோது தாமரை இலைத் தண்ணீர் மாதிரி பூச்சு அங்கங்கே திரண்டு நின்றது. இடையில் வெறும் மண் பல்லை இளித்தது. ஒரு சட்டியில் மட்டும் ஐந்து வழுக்கைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. சித்தப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஐந்து விரலும் அச்சாகப் பொருந்தின. பூசுவதற்கு முன்னால், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அந்தச் சட்டியைத் தூக்கி வந்தவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எண்ண பட்ட எடத்துல பூச்சு ஒட்டறதில்ல! கண்டுபுடிச்சுக் குடுத்தவ நீதான் கண்ணு" என்றார் அவர்.

அன்றிலிருந்து எண்ணெய் போக அரப்புப் பொடி போட்டுக் கை கழுவாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அப்பாவுக்கும் அதே சட்டம்தான்.

அடுத்த சூளையில் பூச்சு ஒட்டியது, ஆனால் உடம்பெல்லாம் ஊசிக்குத்து. நெருப்பை அவசரமாக அணைத்ததுதான் தப்பு என்று நோட்டில் எழுதினார். மூன்றாவதில் குத்து இல்லை. பூச்சு சரியாக உருகாமல் சொரசொரவென்று நின்றது. ஈயப்பொடியைக் கூட்டினார். போதவில்லை. இன்னும் கூட்டினார். நிறத்துக்காக மயில்துத்தம் என்கிற துருசையும் பொடித்துப் போட்டார். ஐந்தாவது சூளையிலிருந்து ஒரு ஜாடி வெளியே வந்தது. மழையில் நனைந்த வாழைக்குருத்துப் போல அப்படி ஒரு பச்சை. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, நெசமாவே நீ பண்ணுனதா?"

அதே பச்சையில் பிறகு எனக்கொரு டம்ளரும் இன்னும் சில பாண்டங்களும் சுட்டார் சித்தப்பா; அந்த முதல் ஜாடியைச் சின்னம்மாவிடம் கொடுத்தார். மாங்காய்க் காலம். சின்னம்மா அதில் ஊறுகாய் போட்டுத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். காலையில் பழைய சோற்றோடு, மத்தியானம் மோர்ச்சோற்றோடு, சும்மா இருக்கும்போது வெறும் துண்டாகக்கூடத் தின்றாள். அடியில் நின்ற புளித்த சாற்றை உள்ளங்கையில் ஊற்றி நக்குவதையும் பார்த்திருக்கிறேன். நான் ஒரு துண்டு எடுத்தால் காரம் ஆகாது என்று திட்டுகிற அம்மா, அவளுக்கு மட்டும் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு மாங்காய் நறுக்கிக் கொடுத்தாள். ஓரவஞ்சனை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தபோது சின்னம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கேட்கவில்லை. நாலைந்து நாளில் வலி வந்தால் தரையில் சுருண்டு சுவரைப் பிறாண்டுகிற அளவுக்கு ஆயிற்று. முகம் சாம்பல் பூத்துவிட்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கையை அவள் விடவே இல்லை, அதனால் நானும் போனேன்.

அங்கே இருந்தது ஒரு மலையாளத்து டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவின் கீழுதட்டைப் பிடித்து இழுத்தார். பல்லின் அடியில், ஈறின் ஓரமாக, மசிப்பேனாவால் கோடு போட்டாற்போல நீலமாக ஓடியது. அவர் முகம் மாறிவிட்டது.

"இவரு தினம் புளிப்பா எதாவது சாப்பிடாறுண்டோ? எந்தப் பாத்திரத்துல?"

பெரியவர்கள் யாரும் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"பச்சை ஜாடியிலீங்க! எங்க சித்தப்பாவே சுட்டதுங்க. ஒரு ஊசிக்குத்துக்கூட இல்லீங்க!"

டாக்டரம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "மேல பூசியது எந்தா?"

"மணலுங்க. களிமண்ணுங்க. அப்பறம்..." சித்தப்பா நிறுத்திவிட்டார். "ஈயப்பொடிங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் உதட்டையும் இழுத்தார். அங்கேயும் அதே கோடு, கொஞ்சம் மெல்லியதாக.

"ஈயமா? புளி பட்டா அது இளகி வரும். தினம் தினம் பார்யாவுக்கு விஷம் கொடுத்திருக்கு நீங்க."

சித்தப்பா தன் ஈறை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். துருசு சேர்ந்த பூச்சில் ஈயம் இன்னும் சுலபமாக இளகும் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். ஒவ்வொரு குறையாகத் தேடித் தேடி அவர் சரிசெய்ததெல்லாம் கடைசியில் இதற்குத்தான்.

அம்மா துணைக்கு இருந்தாள். எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். பச்சைப் பூச்சு பூசிய பாண்டம் ஒன்றையும் விடவில்லை. எனக்கென்று சுட்ட டம்ளரையும் உடைத்தபோது நான் புரண்டு அழுதேன். எல்லாவற்றையும் குழி வெட்டி மூடினார். மறுநாள் சூளையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

சின்னம்மா பிழைத்தாள். அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் இருந்தாள். ஆனால் நாலாம் நாள் காலையில் அம்மா மட்டும் வண்டியில் வந்து இறங்கினாள். கிணற்றடியில் நின்ற அப்பாவிடம் போய், "வயித்துல இருந்தது போயிருச்சுங்க" என்றாள். அப்பா தோள்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துச் சின்னம்மா முழுகாமல் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வயிற்றில் விஷம் இருக்கிறது என்பதுதான்.

கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன்.

"சித்தப்பா! சின்னம்மா வயித்துல இருந்தது போயிருச்சாமுங்க! அம்மா வந்து சொன்னாங்க!"

கையில் செங்கல்லோடு சித்தப்பா நின்றார். "என்ன சொன்னே கண்ணு?"

கையைத் தட்டிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் செங்கல்லை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தார். எவ்வளவு நல்ல சேதி, இவர் ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறார்? காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டு, காதோடு வாய் வைத்து மூன்றாம் தடவையும் சொன்னேன்.